மூச்சு விடுவதும் சிறுநீர் கழிப்பதும் ஒரே வேலையின் இரண்டு பாதி

பள்ளிக்கூடப் புத்தகத்தில் சுவாசம் ஒரு பாடமாக இருக்கும், கழிவுநீக்கம் வேறொரு பாடமாக இருக்கும், நடுவில் ரத்த ஓட்டம் வந்து இரண்டையும் பிரித்து வைத்திருக்கும். நாமும் தனித்தனியாகவே படித்து, படம் வரைந்து, பாகங்களைக் குறித்துவிட்டு மறந்துவிடுகிறோம். என்னைக் கேட்டால் இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இரண்டுமே புரியும். சேர்த்துப் படிக்க ஆய்வுக்கூடம் எதுவும் தேவையில்லை, வேலூரைச் சுற்றி இருக்கிற ஏரி, கோட்டை அகழி, வீட்டுச் சுவர், கோழிக்கூடு இவையே போதும்.

முதலில் அடிப்படை. உடம்பில் இருக்கும் அநேகமாக ஒவ்வொரு செல்லும் உணவை ஆக்சிஜனோடு சேர்த்து உடைத்துத்தான் தனக்கு வேண்டிய சக்தியை எடுக்கிறது. சோற்றிலிருந்து வரும் சர்க்கரையை உடைத்தால் மிஞ்சுவது கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும். பருப்பிலும் கறியிலும் இருந்து வரும் புரதத்தை உடைத்தால் கூடவே நைட்ரஜன் சேர்ந்த ஒரு கழிவும் வரும், அதன் முதல் வடிவம் அம்மோனியா. கார்பன் டை ஆக்சைடு வாயு, அதனால் அது மூச்சு வழியே போகிறது. நைட்ரஜன் கழிவு தண்ணீரில் கரைந்தோ கரையாமலோ வேறு வழியில் போகிறது. ஆக, நாம் வெளியே விடும் ஒவ்வொரு மூச்சும் ஒரு கழிவுநீக்கம்தான்.

மலம் பற்றி நிறையப் பேருக்குக் குழப்பம் இருக்கிறது. அதன் பெரும்பகுதி இந்தக் கணக்கிலேயே வராது. அது செல்களுக்குள் போகவே போகாத உணவு, செரிக்காத நார், குடலில் வாழும் பாக்டீரியா. வாயில் நுழைந்து குழாய் வழியாகவே பயணம் செய்து மறுமுனையில் வெளியே வந்துவிடுகிறது. பழைய சிவப்பணுக்கள் உடைந்து உண்டாகும் நிறமி பித்தநீரோடு வந்து மலத்தில் சேர்ந்து அதற்குப் பழுப்பு நிறம் தருகிறது, அந்தச் சிறு பகுதி மட்டும் நிஜமாகவே செல் கழிவு. உடம்புக்குள் தயாராகி உடம்பிலிருந்து வெளியேற வேண்டிய சங்கதி என்று பார்த்தால் மூச்சும் சிறுநீரும்தான் முக்கியம்.

சரி, எப்படி வெளியேறுகிறது? இரண்டு வேலைக்கும் ஒரே ஏற்பாடுதான்: மிக மெல்லிய, ஈரமான ஒரு சுவர். அதற்கு ஒரு பக்கம் ரத்தமோ உடல் திரவமோ, இன்னொரு பக்கம் வெளியுலகம். ஒரு பொருள் எந்தப் பக்கம் அதிகமாக இருக்கிறதோ அங்கிருந்து குறைவாக இருக்கும் பக்கம் தானாக நகரும். அமீபா மாதிரி ஒற்றைச் செல் உயிருக்கு இது மட்டுமே போதும், ஆக்சிஜன் உள்ளே வரும், கார்பன் டை ஆக்சைடும் அம்மோனியாவும் வெளியே போகும். ஆனால் இப்படித் தானாக நகர்வது ரொம்பத் தூரத்துக்கு உதவாது, ஒரு மில்லிமீட்டர் அளவைத் தாண்டினாலே வேகம் போதாமல் போய்விடும். உடம்பு பெரிதாக ஆக அந்த மெல்லிய சுவரை எங்கே வைப்பது, அதை எப்படிக் காயாமல் பார்த்துக்கொள்வது, அதுவரை சரக்கை யார் கொண்டுபோவது என்ற கேள்விகள் வந்துவிடுகின்றன. ஒவ்வொரு விலங்கும் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது.

மண்புழுவின் பதில் எளிமையானது, அதன் தோல் முழுவதுமே அந்தச் சுவர். தோலுக்கு அடியிலேயே ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன, ரத்தத்தில் நம்மைப் போலவே ஹீமோகுளோபின் இருக்கிறது, ஆனால் அணுக்களுக்குள் அடைபடாமல் திரவத்திலேயே கரைந்து கிடக்கிறது. தோல் ஈரமாக இருக்கும் வரை மூச்சு உண்டு. மழை பெய்த மறுநாள் காலையில் காட்பாடி பக்கமோ பாகாயம் பக்கமோ மண் ரோட்டில் நடந்தால் புழுக்கள் மேலே வந்து நெளிவதைப் பார்க்கலாம். மண்ணின் இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்து காற்று குறைந்துபோவது அவை மேலே வருவதற்கு ஒரு காரணம். ஒன்பது மணி வெயில் ஏறியதும் அவற்றில் பாதி செத்துக் கிடக்கும். வெயிலில் தோல் காய்ந்தால் புழு மூச்சுத் திணறித்தான் சாகிறது. கழிவுக்கு அதன் உடல் வளையங்களில் நெஃப்ரிடியா என்ற நுண்ணிய சுருள் குழாய்கள் இருக்கின்றன, அவை உடல் திரவத்திலிருந்து அம்மோனியாவையும் யூரியாவையும் பிரித்து எடுக்கின்றன.

பூச்சிகள் வேறு வழியில் போய்விட்டன. கரப்பான் பூச்சிக்கு மூக்கு வழியாக மூச்சு கிடையாது. உடம்பின் இரண்டு பக்கமும் பத்து ஜோடி மூச்சுத்துளைகள், அங்கிருந்து கிளை கிளையாகப் பிரியும் காற்றுக் குழல்கள், அவற்றின் நுனி ஒவ்வொரு செல்லுக்கும் பக்கத்திலேயே போய் முடிகிறது. காற்றே நேராகச் செல்லுக்குப் போய்விடுவதால் ஆக்சிஜனைச் சுமக்க ரத்தம் தேவையில்லை, அதனால்தான் கரப்பானை நசுக்கினால் சிவப்பாக எதுவும் வருவதில்லை. தலை போன கரப்பான் சில நாள் உயிரோடு இருப்பதற்கும் இது ஒரு காரணம், மூச்சு தலையை நம்பி இல்லை.

கொசுப்புழுவை இங்கே அவசியம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத் தெரிந்துகொண்டால் வீட்டுக்குப் பிரயோஜனம். டிரம்மிலும் தொட்டியிலும் தண்ணீர் பிடித்து வைக்கும் வழக்கம் நம் பக்கம் அதிகம், அப்படி நல்ல தண்ணீர் நிற்கும் பாத்திரத்தின் உட்புறத்தில், நீர்மட்டத்தை ஒட்டித்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டை வைக்கிறது. அதன் புழு தண்ணீருக்குள் வாழ்ந்தாலும் மூச்சு விடுவது காற்றைத்தான். வால் பக்கம் ஒரு சின்னக் குழாய் இருக்கும், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அந்தக் குழாய் நுனியை மட்டும் நீர்ப்பரப்புக்கு மேலே நீட்டிக் காற்றை இழுக்கும். டிரம்மைத் தட்டினால் எல்லாம் நெளிந்து கீழே ஓடி, கொஞ்ச நேரத்தில் திரும்ப மேலே வருவது இதற்காகத்தான். தேங்கிய தண்ணீரில் எண்ணெய் விடச் சொல்வதும் இதனால்தான், எண்ணெய்ப் படலம் அந்தக் குழாயை அடைத்துவிடும், புழு மூச்சுத் திணறிச் செத்துவிடும். குடிக்கும் தண்ணீரில் எண்ணெய் விட முடியாது, அதற்கு இறுக்கமான மூடியும், வாரம் ஒரு முறை டிரம்மைக் காலி செய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுவதும்தான் வழி.

இப்போது மீன். மீன் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து அது தண்ணீர் குடிக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. ஏரி மீன் அநேகமாகத் தண்ணீரே குடிப்பதில்லை, வாயில் வாங்கும் தண்ணீர் செவுள் வழியாக வெளியே போய்விடுகிறது, அதுதான் அதற்கு மூச்சு. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்போம் இல்லையா, சிவப்பாக இருந்தால் புது மீன் என்று? அந்தச் சிவப்பு முழுக்க ரத்தம். ரத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய தோல், அதனால்தான் நிறம் அப்படியே தெரிகிறது.

மீனின் கஷ்டம் என்னவென்றால் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. ஒரு லிட்டர் காற்றில் 210 மில்லி ஆக்சிஜன் இருக்கும், ஒரு லிட்டர் ஏரித் தண்ணீரில் கரைந்திருப்பது ஆறு மில்லி அளவுதான். அதிலும் தண்ணீர் சூடாகச் சூடாக அது இன்னும் குறையும். இந்தக் குறையைச் சரிக்கட்ட செவுளுக்குள் ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது: தண்ணீர் ஒரு திசையில் ஓடும், ரத்தம் அதற்கு எதிர்த் திசையில் ஓடும். இரண்டும் ஒரே திசையில் ஓடினால் பாதி வழியிலேயே இரண்டு பக்கமும் சமமாகி ஆக்சிஜன் நகர்வது நின்றுவிடும். எதிரெதிராக ஓடும்போது வழி நெடுகத் தண்ணீர்ப் பக்கமே கொஞ்சம் அதிகமாக இருந்துகொண்டே இருக்கும், ரத்தம் கடைசி வரை எடுத்துக்கொண்டே இருக்கும். இப்படி மீனால் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனில் 80 சதவீதம் வரைகூட எடுத்துவிட முடிகிறது. நாம் உள்ளே இழுக்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன், வெளியே விடும்போது இன்னும் 16 சதவீதம் மிச்சம் இருக்கிறது. கால்வாசிதான் எடுக்கிறோம்.

இவ்வளவு திறமையான செவுள் இருந்தும், காற்றில் இவ்வளவு ஆக்சிஜன் இருந்தும், கரையில் போட்ட மீன் ஏன் சாகிறது? தண்ணீரில் விரிந்து மிதக்கும் செவுள் இழைகள் காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, பரப்பு சுருங்கிவிடுகிறது, அப்புறம் காய்ந்தும் போகிறது. விரால் ஒரு விதிவிலக்கு. அதற்குச் செவுளுக்கு மேலே காற்று வாங்க ஒரு தனி அறை இருக்கிறது, அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும். சந்தையில் மற்ற மீன்கள் ஐஸில் கிடக்க, விராலை மட்டும் அண்டாவில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி உயிரோடு விற்பதற்குக் காரணம் அந்த அறைதான். மேலே வர விடாமல் வலை போட்டுத் தடுத்தால் விரால் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிச் செத்துவிடும் என்பதும் உண்மை.

கோடையில் பச்சை பிடித்த குட்டைகளில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜன் விடுகிறது, இரவில் அதே பாசியும் மீனும் பாக்டீரியாவும் எல்லாம் சேர்ந்து ஆக்சிஜனை எடுக்கின்றன, விடியும்போது இருப்பு மிகக் குறைந்துவிடுகிறது. இதோடு சாக்கடையும் வந்து சேர்ந்தால் அதைத் தின்னும் பாக்டீரியா பெருகி மிச்சத்தையும் காலி செய்துவிடும், ஒரே இரவில் ஏரி முழுக்க மீன் செத்து மிதக்கும். அப்புறம், செவுள் அவ்வளவு மெல்லிய சுவர் என்பதால் தண்ணீரில் கரைந்த எதுவும் ரத்தத்துக்கு மிகப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளின் உப்பும் குரோமியமும் பாலாற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் செய்த கெடுதல் நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. ஒரு மீனின் செவுளை நினைத்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு எவ்வளவு நியாயமானது என்று எனக்குப் படும்.

மீன் தன் அம்மோனியாவையும் பெரும்பாலும் செவுள் வழியாகவே விட்டுவிடுகிறது. ஒரே சுவர், மூச்சும் அங்கேதான், கழிவும் அங்கேதான். அம்மோனியா கடுமையான விஷம், ஆனால் சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் வெளியே வந்தவுடன் கரைந்து போய்விடும், மீனுக்குக் கவலையில்லை. நிலத்துக்கு வந்த விலங்குகளுக்கு அந்த வசதி இல்லை. தோராயமாக ஒரு கணக்கு சொல்கிறேன்: ஒரு கிராம் நைட்ரஜனை அம்மோனியாவாக வெளியேற்ற அரை லிட்டர் தண்ணீர் வேண்டும், யூரியாவாக மாற்றிவிட்டால் 50 மில்லி போதும், யூரிக் அமிலமாக்கினால் 10 மில்லியே போதும். ஆனால் மாற்றுவதற்குச் சக்தி செலவாகும், யூரிக் அமிலத்துக்குத்தான் அதிகச் செலவு. எந்த விலங்கு எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதைப் பெரும்பாலும் அது வாழுமிடத்தில் கிடைக்கும் தண்ணீர் தீர்மானிக்கிறது.

தவளை இந்த மாற்றத்தைத் தன் ஆயுளிலேயே செய்து காட்டுகிறது. தலைப்பிரட்டையாகத் தண்ணீரில் இருக்கும்போது செவுள், அம்மோனியா. கால் முளைத்துக் கரையேறியதும் நுரையீரல், யூரியா. அதற்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசைச் சுவரான உதரவிதானம் கிடையாது, அதனால் நம்மைப் போலக் காற்றை உள்ளே இழுக்க முடியாது. தொண்டையின் அடிப்பகுதியைத் தாழ்த்தி மூக்கு வழியே வாய்க்குள் காற்றை நிரப்பி, மூக்கை மூடி, தொண்டையை உயர்த்தி நுரையீரலுக்குள் தள்ளும். உட்கார்ந்திருக்கும் தவளையின் தொண்டை துடித்துக்கொண்டே இருப்பது இதனால்தான். இதற்கு மேல் ஈரத் தோல் வழியாகவும் மூச்சு விடும்.

பாம்பும் பல்லியும் தோலைச் செதிலால் மூடி, தோல் மூச்சைக் கைவிட்டன. பெரும்பாலான பாம்புகளுக்கு வலது நுரையீரல் மட்டுமே நீளமாக வளர்ந்து வேலை செய்யும், இடது சுருங்கிப் போயிருக்கும். சாரைப்பாம்பு எலியை விழுங்கும்போது வாய் முழுக்க இரை அடைத்திருந்தாலும் மூச்சு நிற்காது, மூச்சுக்குழலின் வாயை முன்னால் தள்ளி வைத்துக்கொள்ளும். இவற்றின் நைட்ரஜன் கழிவு யூரிக் அமிலம். வீட்டுச் சுவரடியில் கிடக்கும் பல்லி எச்சத்தை உற்றுப் பாருங்கள், கறுப்பாக இருக்கும், ஒரு நுனி மட்டும் வெள்ளையாக இருக்கும். கறுப்பு மலம், வெள்ளை சிறுநீர். பறவை எச்சத்தின் வெள்ளையும் அதேதான், கோட்டை மதிலில் புறாக்கள் வழியவிட்டிருக்கும் வெள்ளைக் கோடுகள் அத்தனையும் சிறுநீர்தான். பறவைக்குச் சிறுநீர்ப்பை இல்லை, மலமும் சிறுநீரும் ஒரே துளை வழியாகச் சேர்ந்தே வரும்.

தண்ணீரை மிச்சப்படுத்துவது மட்டும் இதற்குக் காரணமில்லை, முட்டையும் ஒரு காரணம். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். கோழி அடைகாக்கும் 21 நாளும் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே வளர்கிறது, அதற்கும் மூச்சு வேண்டும், அதற்கும் கழிவு வரும். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன, ஓட்டை ஒட்டினாற்போல் உள்ளே ரத்தக் குழாய்கள் பரவிய ஒரு சவ்வு இருக்கிறது, அந்தச் சவ்வுதான் குஞ்சின் நுரையீரல். வாயு போய் வரும், ஆனால் திரவக் கழிவு அந்தத் துளை வழியே வெளியே போக முடியாது. அம்மோனியாவாக இருந்தால் குஞ்சு சில நாளில் செத்திருக்கும். யூரியாவாக இருந்தாலும் கரைந்து கரைந்து உள்ளே சேர்ந்துகொண்டே போகும். யூரிக் அமிலம் கரையாமல் வெள்ளைத் துகளாகப் படிந்து ஒரு பையில் ஓரமாகக் கிடக்கும், யாருக்கும் தொந்தரவில்லை. குஞ்சு பொரித்த ஓட்டை எடுத்து உள்ளே பாருங்கள், சவ்வில் வெள்ளையாக ஒட்டியிருப்பதில் அதுவும் இருக்கும். முட்டையின் அகன்ற பக்கம் ஒரு காற்று அறை உண்டு. பொரிப்பதற்கு முன்னால் குஞ்சு முதலில் அந்த அறைக்குள் அலகை நுழைத்து நுரையீரலால் மூச்சு விடத் தொடங்குகிறது, அதன் பிறகே ஓட்டைக் கொத்துகிறது. காதருகே வைத்தால் உள்ளிருந்து கீச்சென்ற சத்தம் கேட்பது அப்போதுதான்.

பறவையின் மூச்சு நம்முடையதைவிடச் சிறந்தது என்று தயங்காமல் சொல்வேன். நம் நுரையீரலில் காற்று வந்த வழியே திரும்பிப் போகும், அதனால் பழைய காற்று கொஞ்சம் எப்போதும் உள்ளே தங்கிவிடும். பறவைக்கு நுரையீரலோடு சேர்ந்த காற்றுப்பைகள் இருக்கின்றன. இழுத்த காற்று முதலில் பின்பக்கப் பைகளுக்குப் போகும், மூச்சு விடும்போது அது நுரையீரலுக்குள் வரும், அடுத்த முறை இழுக்கும்போது முன்பக்கப் பைகளுக்கு நகரும், அடுத்து விடும்போதுதான் வெளியேறும். நுரையீரலில் காற்று எப்போதும் ஒரே திசையில் ஓடும். வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டிப் பறந்து தமிழ்நாட்டு ஏரிகளுக்கு வருகிறதே, அந்த உயரத்தில் அதைக் காப்பாற்றுவதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

பாலூட்டிகளுக்கு வருவோம். வேலூர் பக்கத்துப் பொய்கை ஊர்ச் சந்தையில் நிற்கும் மாடும், சந்தைக்கு வந்த மனிதரும், தெருநாயும் எல்லாம் ஒரே முறைதான், உதரவிதானம் கீழிறங்கும், நெஞ்சுக்கூடு விரியும், காற்று உள்ளே வரும். மே மாத வெயிலில் நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பது ஆக்சிஜனுக்காக இல்லை, சூட்டைத் தணிக்க. அதற்கு நம்மைப் போல வியர்த்துக் குளிர வழியில்லை, வாயின் ஈரம் ஆவியாவதில்தான் உடம்பு குளிரும். மனித நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணறைகள் இருக்கின்றன, விரித்துப் போட்டால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். அந்த மெல்லிய ஈரச் சுவரைக் காயாமல் வைத்துக்கொள்ளத்தான் அதை நெஞ்சுக்குள் மறைத்து வைத்திருக்கிறது உடம்பு.

நைட்ரஜனைப் பாலூட்டிகள் யூரியாவாக மாற்றுகின்றன, அந்த வேலை கல்லீரலில் நடக்கிறது. சிறுநீரகம் அதை ரத்தத்திலிருந்து எடுக்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் என்ற நுண்ணிய வடிகட்டிகள், எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லிட்டர் திரவத்தை வடிக்கின்றன, அதில் சுமார் ஒன்றரை லிட்டர்தான் சிறுநீராக வெளியே வருகிறது. மிச்சமெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே போய்விடுகிறது. பொங்கலுக்கு முன்னால் அலமாரியை முழுசாகக் காலி செய்து, வேண்டியதை மட்டும் திரும்ப அடுக்கி, மற்றதைத் தூக்கிப் போடுவோமே, அதே முறை. ஒவ்வொரு கழிவையும் தேடிப் பிடிப்பதைவிட இது பாதுகாப்பானது, ஏனென்றால் இதுவரை உடம்பு பார்த்தே இராத ஒரு விஷம் உள்ளே வந்தாலும், அது சல்லடையில் வடியக்கூடியதாக இருந்தால், யாரும் அதைத் திரும்ப எடுக்காவிட்டால் தானாகவே வெளியே போய்விடும். வெயில் காலத்தில் தண்ணீர் குறைவாகக் குடித்தால் சிறுநீரகம் இன்னும் அதிகமாகத் திரும்ப உறிஞ்சும், சிறுநீர் அடர் மஞ்சளாகும், அப்படியே நாள்கணக்கில் போனால் உப்புகள் படிந்து கல்லாகும். வெளிர் மஞ்சளாகப் போகிறதா என்று பார்த்துக் குடித்தால் போதும்.

சிறுநீரகம் நின்றுவிட்டால் டயாலிசிஸ். 1943-ல் வில்லெம் கோல்ஃப் என்ற டச்சு மருத்துவர் செலோபேன் குழாயை உருளையில் சுற்றி, நடைமுறைக்கு உதவிய முதல் டயாலிசிஸ் கருவியைச் செய்தார். ரத்தம் ஒரு பக்கம், திரவம் ஒரு பக்கம், நடுவில் மெல்லிய ஈரச் சுவர். மண்புழுவின் தோலிலும் மீனின் செவுளிலும் நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது. இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971-ல் நம் வேலூர் சி.எம்.சி.யில்தான் நடந்தது. இன்றைக்கும் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் எவ்வளவோ குடும்பங்கள் ரயிலேறிக் காட்பாடியில் இறங்குகின்றன.

அப்படி வருகிற நோயாளிகள் சிலருக்குச் சிறுநீரகம் கெட்டிருக்கும்போது மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வரும், நெஞ்சில்தான் கோளாறு என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். ரத்தத்தின் அமிலத் தன்மையை உடம்பு மிகக் குறுகிய எல்லைக்குள் வைத்திருக்க வேண்டும், அதைக் காட்டும் pH அளவு 7.35-லிருந்து 7.45-க்குள், அமிலம் கூடினால் இந்த எண் குறையும். அமிலத்தைக் குறைக்க இரண்டு வழி: சிறுநீரகம் அதை நேராக வெளியேற்றும், அதற்கு மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஆகும். நுரையீரல் கார்பன் டை ஆக்சைடைக் கூடுதலாக வெளியே தள்ளும், அது நிமிடங்களில் பலன் தரும். சிறுநீரகம் செய்யாமல் விட்ட வேலையை நுரையீரல் தன்னால் முடிந்தவரை செய்யப் பார்க்கிறது, அதுதான் அந்த வேக மூச்சு. வெளியேறாத தண்ணீர் நுரையீரலில் தேங்கினாலும் மூச்சு வாங்கும். அதனால் காரணம் தெரியாமல் மூச்சு வாங்கி, கூடவே முகமோ காலோ வீங்கி, சிறுநீரும் குறைந்திருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும், ரத்தத்தில் யூரியாவும், தசையிலிருந்து வரும் கழிவான கிரியாட்டினினும் எவ்வளவு என்று பார்த்தால் சிறுநீரகத்தின் நிலை தெரிந்துவிடும்.